சும்மா சுற்றிப் பார்க்க

இலங்கை மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு மூன்றே காரணங்கள்தான் இருந்தன. கல்யாணம், சாவு, கோயில் நேர்த்திக்கடன். நானும் என் மனைவியும் மதுரைக்குப் போகப்போகிறோம் என்றதும் எங்கள் வரிசை வீட்டு லயமே கூடிவிட்டது.

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

யார் வீட்டிலும் இல்லை என்றேன்.

"யாரும் தவறிப் போய்ட்டாங்களா?"

இல்லை.

"அப்ப நேத்தியா?"

அதுவும் இல்லை. "சும்மா சுத்திப் பாக்க" என்றேன். பீலியடியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "சும்மா சுத்திப் பாக்குறதுக்குத் துரைமாருதான் போவாங்க. இவரு எப்ப துரையானாரு?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். ஆனாலும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் உண்மைக் காரணத்தை வெளியே சொல்கிற மாதிரி இல்லை.

எங்கள் மகள் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. மூன்று வயது. அவளைப் பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு என் மனைவி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் கையை விட்டுப் போய்விட்டாள். தோட்டத்தின் மேற்கு எல்லையில் சவுக்கு மரங்களுக்குக் கீழே புதைத்தோம். அதன் பிறகும் என் மனைவி சமைத்தாள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நேரத்தோடு போய் நின்றாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், எதிலும் குறை வைக்கவில்லை. சிரிப்பதை மட்டும் விட்டுவிட்டாள். அவள் சிரித்தால் எட்டுக் காம்பரா தள்ளிக் கேட்கும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கேயாவது ஜனம் நெருக்கியடிக்கிற ஓர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் மனசு மாறும் என்று நினைத்தேன். என் தகப்பனார் வாயைத் திறந்தால் மதுரை, மதுரை என்பார். நான் கண்ணால் கண்டதில்லை. காணாத மதுரையை ஒரு மாதம் அவளிடம் அளந்தேன்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "போனா திரும்பி வர விடுவாங்கல்ல?"

அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. சுதந்திரம் வந்த கையோடு, எங்களை இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் போட்டிருந்தார்கள். பிரஜையாக வேண்டுமானால் மனுப் போட வேண்டும், இங்கேயே தொடர்ந்து குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும், விசாரணைக்குக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். நாங்களும் மனுப் போட்டுவிட்டுத்தான் காத்திருந்தோம். எனக்கு அது ஒரு காகிதம். அவளுக்கு அப்படியில்லை. "இந்த மண்ணுல புள்ளையப் பொதச்சிருக்கோம்ங்க. இத விட்டுட்டு நம்ம எங்க போறது?" என்பாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சவுக்கு மரத்தடிக்குப் போய் ஓர் அகல் ஏற்றி வைப்பாள். எங்கள் மலை மழைக்கு மண் அகல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அடுத்த ஞாயிறு போனால் உடைந்தோ கவிழ்ந்தோ கிடக்கும்.

"ஏன் விடாம? மனுதான் போட்டிருக்கோம்ல" என்று நான் அடித்துச் சொன்னேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தமிழ் நன்றாக எழுதப் படிக்க வரும். லயத்துக்கு வருகிற கடுதாசியெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன், பதிலும் நான்தான் எழுதுவேன். வேலை ஃபேக்டரியில். தேயிலைப் பெட்டிகளின்மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மை பூசி இங்கிலீஷ் எழுத்துகளைப் பதிக்கிறவன் நான். அதைப் பார்த்துவிட்டு, எனக்கு இங்கிலீஷும் தெரியும் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. நான் மறுக்கவில்லை. மறுக்காதது போதாதென்று, சாமான் சுற்றி வந்த இங்கிலீஷ் பேப்பரை விரித்து வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருப்பேன். வெட்டிப் பெருமைக்கு எருமை மேய்க்கிறதென்பார்களே, அந்தக் கதை. பெட்டியில் பதிக்கிற ஏழெட்டு எழுத்தைத் தவிர எனக்கு இங்கிலீஷ் ஒரு மண்ணும் தெரியாது.

இந்தியாவுக்குப் போய்த் திரும்புவதற்கு ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டுமென்றார்கள். ஹட்டனில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் மேசை போட்டு ஒருவர் பாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். போனால் நீள வரிசை. பாதிப்பேர் எங்கள் தோட்டம், மீதிப்பேர் பக்கத்துத் தோட்டம். எல்லாருக்கும் என்னைத் தெரியும். முறை வந்ததும் அவர் பேர், வயது கேட்டார், தகப்பனார் எங்கிருந்து வந்தவர் என்று கேட்டார், மளமளவென்று இங்கிலீஷில் எழுதினார். காகிதத்தை என் பக்கம் திருப்பி, "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அவங்க வெரலு இங்க" என்றார்.

நான் காகிதத்தைக் கையில் எடுத்து மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினேன். நடுவில் இரண்டு தடவை தலையைக்கூட ஆட்டினேன். என் மனைவி பக்கத்தில் வந்து, மெதுவாக, "என்னாங்க எழுதியிருக்கு?" என்றாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க பாரு. வெரலக் குடு."

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். வருஷக்கணக்கில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவள் கட்டைவிரலில் ரேகை தேய்ந்துபோய், குறுக்கே வெடிப்பு ஓடியிருந்தது. முதல் தடவை வைத்தது வெறும் மைத் தீற்றலாக விழுந்தது. அவர் பக்கத்திலேயே இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். இரண்டாவது தடவை நான்தான் அவள் விரலைப் பிடித்து அழுத்தினேன். நீட்டுகிற இடத்தில் கையை வைத்துவிட்டு வருவது எங்கள் ஆட்களுக்குப் பரம்பரைப் பழக்கம். அதைக் கிண்டல் பண்ணுகிறவனாக இருந்த நானே அன்றைக்கு அதைச் செய்தேன்.

சித்திரை கழிந்து வைகாசியில் கிளம்பினோம். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் லீவு கேட்டபோது அவரும் "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்றுதான் கேட்டார். ரயில், கப்பல், மறுபடி ரயில். மதுரையில் இறங்கியபோது எங்கள் மூட்டையில் இரண்டு கறுப்புக் கம்பளிகள் இருந்தன. வெளியூர் போகிறோம், குளிருமே என்று அவள் மடித்து வைத்திருந்தாள். வாழ்நாளெல்லாம் மலையில் கிடந்த எங்களுக்கு, உலகத்தில் கம்பளி தேவைப்படாத ஓர் ஊர் இருக்குமென்று தோன்றவே இல்லை. ஸ்டேஷனுக்கு வெளியே கால் வைத்ததும் வெயில் கன்னத்தில் அறைந்தது. விடுதிக்காரர் கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத வெச்சு என்ன செய்யப் போறீக? ஆட்டுக்குப் போத்தவா?" என்றார். அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு அந்த அளவுக்கு வந்து நின்றுவிட்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்து, "நேரமாச்சு, பெரட்டு" என்று கொழுந்து பறிக்கக் கட்டுகிற இடுப்புச் சாக்கைத் தேடினாள். இது மதுரை என்று சொன்னேன். பேந்தப் பேந்த விழித்துவிட்டு மறுபடி படுத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. வேலை இல்லாத காலை நேரத்தை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியாது.

மூன்று நாள் சுற்றினோம். கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் மாடும் வண்டியும் சைக்கிளும் ஜட்காவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. ஒரு தெரு முழுக்கப் பாத்திரம், ஒரு தெரு முழுக்கத் துணி, கல் மண்டபத்துக்குள்ளே வரிசையாகத் தையல் மெஷின்கள், அதன் பக்கத்தில் வளையல்காரர்கள். யாரும் மெதுவாகப் பேசவில்லை. அத்தனை பேரும் தமிழிலேயே சண்டை போட்டார்கள், தமிழிலேயே விலை சொன்னார்கள், போர்டுகூடத் தமிழில் இருந்தது. இதையெல்லாம் பார்த்து எனக்கு நெஞ்சு விம்மியது. ஆனால் அவ்வளவு அகலமான தெருவிலும் நான் முன்னே போக, அவள் என் குதிகாலைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். மலைப் பாதையில் ஒரு கால் வைக்கத்தான் இடம் இருக்கும், அந்தப் பழக்கம். ஒரு பூக்காரி எங்களைப் பார்த்து, "ஏன்யா, பொண்டாட்டி கூடச் சண்டையா? பக்கத்துல கூட்டிட்டுப் போய்யா" என்று கத்தினாள். வெட்கமாகப் போயிற்று. பக்கத்தில் வரச் சொன்னேன். இரண்டு தெரு சேர்ந்து நடந்தோம், தோள் இடித்துக்கொண்டு, அடி ஒத்து வராமல். மூன்றாவது தெருவில் அவள் பழையபடி பின்னால் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் டீக்கடையில்தான் அது நடந்தது. டீ போடுகிறவர் ஓர் ஆள் உயரத்திலிருந்து ஆற்றிக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள், கிளாஸை உயர்த்தி அடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னாங்க, இது நம்ம ஃபேக்டரியில கூட்டி அள்ளுற தூசுல்ல? இதயா இம்புட்டு ஒசரத்துலருந்து ஊத்துறாரு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய சிரிப்பு. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னொரு கடலும் தாண்டியிருப்பேன்.

கடைசி நாள் என்ன வேண்டுமென்று கேட்டேன். சேலை கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கல்சட்டி விற்கிற கடைக்குக் கூட்டிப்போனாள். முதல் நாளே பார்த்து வைத்திருக்கிறாள். உள்ளங்கை அகலத்தில் கல்லில் குடைந்த ஒரு விளக்கை எடுத்தாள்.

"பூசைக்கா தாயி?" என்றார் கடைக்காரர்.

"இல்லங்க, மகளுக்கு."

"மகளுக்குச் சீர் வரிசையா? அப்பப் பெருசா எடுத்துக்க தாயி. போற வீட்டுல பேச்சு வரக்கூடாதுல்ல."

"சின்னதே போதுங்க. அவ சின்னப் புள்ள" என்றாள் என் மனைவி. அவர் எதுவும் புரியாமல் வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். திரும்பி வந்த வழி முழுக்க அந்தப் பொட்டலத்தை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். கப்பலில் என் கையில்கூடத் தரவில்லை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சவுக்கு மரத்தடியில் அதை ஏற்றினாள். மழை பெய்தது. விளக்கு அணைந்ததே தவிர உடையவில்லை. "இனிமே கவல இல்ல" என்றாள்.

விசாரணைக்குக் கூப்பிட மூன்று வருடம் ஆயிற்று. டவுனில் ஒரு மண்டபத்தில் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தமிழில் சொல்வதற்கு ஓர் ஆள். தோட்டத்துப் பதிவுகள், என் பிறப்புச் சீட்டு, அவள் பிறப்புச் சீட்டு எல்லாம் சரியாக இருந்தன. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே பக்கம் புரட்டினார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு கோப்பின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார்.

முதலில் எனக்குத் தெரிந்தது அவள் விரல்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரேகை. ஒன்று வெறும் தீற்றல், மற்றதில் குறுக்கே ஒரு வெடிப்பு.

"இது ஒங்க மனைவி வெரலா?" என்றார் தமிழ் சொல்கிறவர்.

"ஆமாங்க."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

அவரே படித்துச் சொன்னார். எங்கள் நிரந்தர வீடு இந்தியா. இலங்கையில் இருப்பது வேலைக்காக மட்டும். திரும்பி வந்து கொஞ்ச காலம் தங்கிப் போக அனுமதி வேண்டும். கீழே என் கையெழுத்து, வளைத்து வளைத்து, அழகாக.

அதிகாரி ஏதோ கேட்டார். "அங்க யாரப் பாக்கப் போனீங்க?" என்று தமிழில் வந்தது.

"யாரையும் இல்லங்க. சும்மா சுத்திப் பாக்கப் போனோம்."

அதை இங்கிலீஷில் கேட்டதும் அதிகாரி பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் முடிவு கட்டியதை அந்தப் பார்வையிலேயே கண்டேன். தோட்டத்துக் கூலி ஆள் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி ஊர் சுற்றப் போவானா? காணி இருக்கும், வீடு இருக்கும், உறவு இருக்கும், அதைப் பார்க்கத்தான் போயிருப்பான். பீலியடியில் சிரித்தவர்களும் அதையேதான் நினைத்தார்கள். செத்துப்போன பிள்ளையைச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எந்தப் பாரத்தில் அதை எழுதுவார்கள்?

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். அவளிடம் பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் தன் காலை விட்டிருந்தால் பரவாயில்லை, நான் அவள் காலையும் சேர்த்து விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து மனு தள்ளுபடி என்று இங்கிலீஷில் கடிதம் வந்தது. அதன் பிறகு எந்த நாட்டுக்கும் சேராதவர்களாக அதே காம்பராவில் வருஷக்கணக்கில் இருந்தோம். அறுபத்து நாலில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று எங்கள் தலைகளைப் பங்கு பிரித்துக்கொண்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அப்போது நாங்கள் எந்தப் பங்கில் விழுவோம் என்பது அந்தக் காகிதத்திலேயே எழுதியிருந்தது. அதெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது கடிதம் வந்த அன்றைக்கு நடந்ததை.

அன்று நான் ஃபேக்டரியில் இருந்தேன். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான் வரும்வரை வைத்திருப்பார்கள். இவள் வைத்திருக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு பொகவந்தலாவை பஜாருக்கு நடந்திருக்கிறாள். அங்கே நாங்கள் சாமான் வாங்குகிற முஸ்லிம் கடை ஒன்று உண்டு. கடைக்காரரை நாநா என்று கூப்பிடுவோம், இங்கிலீஷ் படித்த மனிதர். நான் வேலை முடிந்து வந்தபோது கடிதம் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. அவள் அடுப்படியில் கல்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் பாசி பிடிக்கிறதென்று அதை அவ்வப்போது வீட்டுக்குக் கொண்டு வந்து தேய்ப்பாள்.

"என்னா கடுதாசி?" என்றேன்.

"இல்லேன்னுட்டாங்க. நாநா படிச்சுச் சொன்னாரு."

"நாநாவா? எங்கிட்டக் குடுக்குறதுக்கு என்ன?" என்று சத்தம் போட்டேன். வெட்கங்கெட்ட கோபம், அப்போதும் வந்தது.

அவள் விளக்கைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கோபமே இல்லாமல், ரொம்ப நாளாகத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிற மாதிரி, "ஒங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியாதேங்க" என்றாள்.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். "எப்பலேருந்து தெரியும்?"

"கட்டிக்கிட்டு வந்த வருசமே. பேப்பரத் தலைகீழாப் புடிச்சிருந்தீங்க ஒரு நாளு. படத்துல ஒரு தொர தலைகீழா நின்னாரு."

வேறு நேரமாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அவள் விளக்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"அப்ப அன்னைக்கு ஹட்டன்ல? நான் படிக்கலன்னு தெரிஞ்சுமா வெரலக் குடுத்த? வேற யாருகிட்டயாவது காட்டச் சொல்லியிருக்கலாம்ல? நம்ம புள்ள கெடக்குற மண்ணு இது."

அவள் விளக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஹட்டனில் பார்த்த அதே பார்வை.

"பின்னால நம்ம தோட்டத்து ஆளுங்க அத்தன பேரும் நின்னாங்களேங்க. அவுங்க முன்னால நான் எப்புடி ஒங்கள விட்டுக் குடுக்குறது?"

நான் எழுந்து பீலியடிக்குப் போய், முகம் கழுவுகிறவன் மாதிரி குனிந்து நின்று அழுதேன்.